அப்பாவின் சட்டையும் அண்ணனின் கோட்டும்: பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டு ஆண்களின் பீரோவிலிருந்து எடுத்த சட்டை, கோட், பேன்ட், வேட்டி ஆகியவற்றைத் தங்கள் பாணியில் உடுத்திப் படமும் ரீல்ஸும் போடும் பெண்கள் என்னிடம் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. காசு செலவில்லாமல் தொடங்கலாம் என்பதால் கல்லூரி மாணவிகள்தான் அதிகம் கேட்கிறார்கள். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இரண்டே நிபந்தனைகள் உண்டு: உடை பெரியதாகவே தெரிய வேண்டும், கொடுத்தவரிடம் அது பழையபடியே திரும்பிப் போக வேண்டும்.

கடையிலேயே பெண்களுக்கான ஓவர்சைஸ் சட்டை கிடைக்கிறதே, அப்பாவின் சட்டை எதற்கு?

இரண்டும் வேறு வேறு. கடையில் கிடைப்பது பெண்ணின் அளவை வைத்து வெட்டி, உடல் பகுதியில் மட்டும் தளர்வு கொடுத்துத் தைத்தது. கழுத்தும் கை நீளமும் கிட்டத்தட்ட உங்களுக்குப் பொருந்தியே இருக்கும். அப்பாவின் 42 அளவுச் சட்டை உங்களை நினைத்து வெட்டியதல்ல. அதன் தோள் தையல் உங்கள் தோள் முனையைத் தாண்டிப் புஜத்தில் இறங்கி நிற்கும். காலர் அகன்றிருக்கும். கை, விரல் நுனியைத் தொடும். முதுகின் மேற்பகுதியில் தோளுக்குத் தோள் இரண்டு அடுக்காக வரும் பட்டையான யோக்குக்குக் கீழே பெட்டி மடிப்பு இருந்தால், நடக்கும்போது அது காற்று வாங்கிப் புடைக்கும். இடது மார்பில், பேனா செருகிச் செருகி வாய் தளர்ந்த ஒரு பை இருக்கும். பல வருடம் துவைத்த பருத்தியின் மென்மை எந்தப் புதுத் துணியிலும் வராது.

பட்டனும் இடம் மாறியிருக்கும். ஆண்கள் சட்டையில் பட்டன் அணிபவரின் வலப்பக்கம். பெண்கள் சட்டையில் இடப்பக்கம். தையல் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும், இரவல் உடை என்பது தெரிவதில்தான் இதன் அழகே இருக்கிறது. செல்போனின் முன்பக்கக் கேமரா மட்டும் இங்கே காலை வாரும். அது பிம்பத்தை இடவலம் மாற்றிக் காட்டும். சில போன்கள் அப்படியே சேமித்தும் வைக்கும். அந்தப் படத்தில் பட்டன் இடப்பக்கம் வந்துவிடும், பை வலப்பக்கம் போய்விடும். பின்பக்கக் கேமராவிலேயே எடுங்கள்.

நான் போட்டால் சாக்குக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. இடுப்பில் பெல்ட் போட்டால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பெல்ட்தான். இறுக்கியதும் மேல்பகுதி தொங்கும், கீழ்ப்பகுதி விரிந்து நிற்கும். சட்டையின் வடிவமும் போய்விடும், உங்கள் வடிவமும் தெரியாது.

சட்டையை அடக்க முயலாதீர்கள். உடலில் எலும்பு தெரியும் மெலிந்த இடம் ஒன்றை மட்டும் வெளியே காட்டுங்கள்: மணிக்கட்டு, காறை எலும்பு, பிடரி, கணுக்கால். ஒன்று போதும், இரண்டு என்றால் தாராளம். அந்த இடத்தைப் பார்த்ததும் சட்டை தனி, உள்ளே இருக்கும் உடல் தனி என்று பார்ப்பவரின் கண் பிரித்துக்கொள்கிறது. நான்கையும் ஒரே நேரத்தில் காட்டினால் பெரிய சட்டை போட்டதற்கே பொருளில்லை.

மணிக்கட்டு எல்லா உடல்வாகுக்கும் ஒத்துவரும் என்பதால் கை மடிப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கை முனையில் விறைப்பாக இருக்கும் பட்டைதான் கஃப். அதன் பட்டனைக் கழற்றுங்கள். கஃபைப் பிடித்து, உட்புறம் வெளியே தெரிகிற மாதிரி, ஒரே இழுப்பில் முழங்கைக்குச் சற்று மேலே வரை கொண்டுபோங்கள். சிறிது சிறிதாகச் சுருட்ட வேண்டாம். சுருட்டினால் கையில் தடித்த வளையம் ஒன்று விழும். இப்போது கீழே ஒரு மடிப்பு விளிம்பு நிற்கிறது அல்லவா? அதை இன்னொரு முறை மேலே மடித்து, கஃபின் கீழ்ப்பாதியை அது மூடும்படி விடுங்கள். கஃபின் மேல்விளிம்பு மட்டும் ஓர் அங்குலம் வெளியே தெரியும். கஃபின் விறைப்பு மடிப்பைப் பிடித்துக்கொள்வதால் இது எளிதில் இறங்காது. இதோடு ஒரு கையில் மட்டும் கண்ணாடி வளையல் போட்டுப் பாருங்கள். காணொளியில் அந்த ஒலி சட்டையைவிட முன்னால் வந்து நிற்கும்.

காறை எலும்பைக் காட்ட விரும்பினால் மேல் இரண்டு பட்டனைத் திறந்து, காலரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பிடரியிலிருந்து அது இரண்டு விரல் அகலம் விலகி நிற்க வேண்டும். தலைமுடியைக் கொண்டையாகத் தூக்கிக் கட்டினால்தான் இது எடுபடும்.

சட்டைக்குக் கஞ்சி போடலாமா?

கஞ்சி போட்ட துணி உடலைவிட்டு விலகி நிற்கும். உடை இன்னும் ஒரு சுற்றுப் பெரியதாகத் தெரியும். உயரமானவர்களுக்கு அந்த மொடமொடப்பு கம்பீரம் தரும். மற்றவர்களுக்குக் கஞ்சி இல்லாமல், காலரையும் கஃபையும் மட்டும் நன்றாக இஸ்திரி போட்டால் போதும். சட்டை முழுவதும் கசங்கியிருந்து காலர் மட்டும் நிமிர்ந்திருந்தால் அது தெரிந்தே செய்த அலங்காரம் என்று விளங்கும். காலரும் கசங்கியிருந்தால் தூங்கி எழுந்தது போலாகிவிடும்.

அக்கா, என் உயரம் ஐந்து அடிக்கும் குறைவு. நான் இதைத் தொடவே கூடாதா?

தாராளமாகத் தொடலாம். உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது சட்டையின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைத்தான். தொடையின் அகலமான இடத்தில் முடிந்தால் கால்கள் குறுகிவிடும். முன்பக்கத்தை மட்டும் பேன்ட்டுக்குள் செருகிப் பின்பக்கத்தை வெளியே விடுங்கள். முன்னால் இடுப்புக்கோடு உயரும், பின்னால் சட்டையின் நீளம் அப்படியே இருக்கும். கீழ் முனைகளை இடுப்பில் முடிச்சுப் போடுவதும் உதவும், ஆனால் மெல்லிய துணிக்கு மட்டும். தடித்த துணியில் முடிச்சு வயிற்றின்மேல் கட்டியாக நிற்கும். சட்டையும் கீழே அணிவதும் ஒரே நிறச் சாயலில் இருந்தால் உடலை நடுவில் வெட்டும் கோடு மறைந்துவிடும்.

நான் பருமன். அண்ணனின் சட்டை எனக்குப் பெரியதாக இல்லை, சரியாகத்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வியை எழுதத் தயங்குகிறார்கள், தயங்கவே வேண்டாம். ஆண்கள் சட்டை தோளிலிருந்து கீழ்வரை ஏறக்குறைய நேராக வெட்டப்படுகிறது. அதனால் பல பெண்களுக்குத் தோளில் தொங்கும் சட்டை இடுப்பில் பிடிக்கும். கீழ் இரண்டு பட்டன்களைப் போடாமல் விடுங்கள். அல்லது பட்டனே போடாமல், உள்ளே ஒரே நிறத்தில் மேல்சட்டையும் பேன்ட்டும் அணிந்து, அண்ணனின் சட்டையை மேலங்கியாக்குங்கள். முன்னால் நெடுக்காக விழும் இரண்டு விளிம்புகளும் உங்களுக்கு வேலை செய்யும்.

தாத்தாவின் ஜிப்பா கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் திறப்பு இருப்பதால் அது இடுப்பில் பிடிக்காது; கதர் ஜிப்பாவின் கனம் துணியை நேராக விழவும் வைக்கும். இரவல் உடையின் அழகு தளர்வில் மட்டும் இல்லை. வெட்டு, துணி, பை, காலர் எல்லாவற்றிலும் இருக்கிறது.

சேலையோடு ஆண்கள் சட்டை போட்டால் நன்றாக இருக்குமா?

எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை அதுதான். ஆனால் முதலில் ஒன்று சொல்லியாக வேண்டும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை என்பதை இணையத்தில் புதுமை என்கிறார்கள். தமிழ்நாட்டில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், கட்டட வேலையில் சித்தாளாக இருப்பவர்கள் கணவரின் அல்லது மகனின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். வெயில் கையைச் சுடாது. கரும்புச் சோகை கீறாது. குனிந்து நிமிரும்போது முந்தானை விலகுமோ என்ற கவலையும் இல்லை. இந்தச் சேர்க்கையைக் காணொளியில் காட்டும்போது இதை ஒரு வரியாவது சொல்லுங்கள். அதே நேரத்தில், தலையில் சும்மாடும் கையில் மண்வெட்டியுமாக அவர்களைப் போல வேடமிட்டுப் படம் எடுப்பதை நான் எதிர்க்கிறேன். அவர்கள் நாளெல்லாம் வியர்வையில் சுமக்கும் உடையை ஒரு மணி நேரப் படப்பிடிப்புக்கு வேடமாக்க நமக்கு உரிமையில்லை.

இனி செய்முறை. சட்டையை ரவிக்கைக்குப் பதிலாகப் போடுவதாக இருந்தால் மெல்லிய பருத்திச் சட்டையாக எடுங்கள். சட்டையின் கீழ்ப்பகுதியை உள்பாவாடைக்குள் விட்டு, பக்கவாட்டில் சேரும் உபரித் துணியைப் பின்னுக்குத் தள்ளி மடித்துவிட்டு, அதன் பிறகு கொசுவம் வையுங்கள். வயிற்றுப் பக்கம் துணி சேர்ந்தால் கொசுவம் தூக்கிக்கொண்டு நிற்கும். முந்தானைக்கு ஊக்கு குத்த வேண்டிய இடம் யோக். அங்கே துணி இரண்டு அடுக்காக இருப்பதால் சட்டை கிழியாது. ஒற்றை அடுக்கில் குத்தினால் முந்தானையின் கனம் இழுத்து ஓட்டை விழுந்துவிடும், அப்பாவிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சேலை கைத்தறிப் பருத்தியாக இருக்கட்டும். புள்ளி போட்ட சுங்குடி, வெள்ளைச் சட்டையோடு அருமையாகப் போகும். கனத்த பட்டுச் சேலைக்குக் கீழே சட்டை நசுங்கிக் காணாமல் போய்விடும். பெல்ட் வேண்டாம் என்று மேலே சொன்னேன். சேலையோடு சேரும்போது மட்டும் ஒட்டியாணம் விதிவிலக்கு. சட்டையின் உபரித் துணியை ஏற்கெனவே சேலை பிடித்திருப்பதால் ஒட்டியாணத்துக்கு இறுக்கும் வேலை இல்லை, அலங்காரமாக மட்டும் இருக்கும்.

அண்ணன் திருமண வரவேற்பில் போட்ட கோட் பீரோவிலேயே கிடக்கிறது. அதை என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இப்படி ஒரு கோட், ஒரே ஒரு மாலை உடுத்தப்பட்டு உறையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கோட்டின் உள்ளே தோள் பஞ்சு இருப்பதால் சட்டையைப் போலத் தோளில் வழியாது, நிமிர்ந்தே நிற்கும். ஆகவே மற்ற எல்லாம் மென்மையாக இருக்க வேண்டும்: உள்ளே மெல்லிய துணி, காதில் ஜிமிக்கி, தலையில் மல்லிகைச் சரம். கோட்டும் மல்லிகையும் சேரும் இடத்தைப் போல அழகான முரண் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. மூன்று பட்டன் இருந்தால் நடுவில் உள்ளதை மட்டும் போடுங்கள், அல்லது எதையும் போடாமல் விடுங்கள்.

கை நீளத்தை வெளிப்புறம் மடிக்க வேண்டாம். உட்புறமாக மடித்து, உள்தையல் ஓரத்தில் ஊக்கு குத்துங்கள். லைனிங் எனும் மெல்லிய உள்துணியில் மட்டும் குத்தினால் அது கிழியும். அந்துருண்டை வாடை போக, முதல்நாளே நிழலில் காற்றாட மாட்டிவைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைக்காமல் மேலே ஈரத்துணி போட்டு அழுத்துங்கள். இல்லாவிட்டால் துணி பளபளத்து அசிங்கமாகிவிடும்.

பேன்ட் இடுப்பில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பின்பக்க உபரித் துணியை முதுகெலும்புக்கு இருபுறமும் இரண்டு மடிப்பாகப் பிரித்து, பட்டியின் உள்ளே ஊக்கு குத்துங்கள். ஒரே மடிப்பாக நடுவில் பிடித்தால் வால் முளைத்தது போலத் தெரியும். லூப் வழியாக பெல்ட்டுக்குப் பதில் அப்பாவின் பழைய டையைக் கோத்துக் கட்டலாம். நீளத்தை வெட்டவே கூடாது. உட்புறம் மடித்து, அதே நிற நூலில் பெரிய ஓட்டுத் தையல் போட்டால் போதும். திருப்பிக் கொடுக்கும் முன் ஒரே இழுப்பில் நூல் வந்துவிடும்.

வேட்டியைப் பாவாடையாகக் கட்டலாமா?

கட்டலாம். நாலு முழம் ஒற்றை அடுக்கு என்பதால் வெளிச்சத்தில் உள்ளே தெரியும். எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். வேட்டியின் அகலம் 50 அங்குலம் அளவில் இருக்கும். உங்கள் இடுப்பிலிருந்து தரைவரை 40 அங்குலத்துக்குள்தான் வரும். மிச்சத்தை மேலே வெளிப்புறமாக மடித்துவிட்டால் கரை இடுப்பில் ஒரு பட்டையாக விழும், அதுவே அலங்காரம். உள்ளே தோல் நிறத்தில் உள்பாவாடை அணியுங்கள், வெள்ளை உள்பாவாடை வெள்ளை வேட்டிக்குள் தனியாகத் தெரியும்.

இது வெளிநாட்டு மோகம் என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

வயல்வேலைப் பெண்களைப் பற்றி மேலே சொன்னதை வீட்டில் சொல்லிப் பாருங்கள். பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொண்டு ஆண்களைப் போல உடுத்த வேண்டும் என்று பெரியார் இந்த மண்ணில் மேடை மேடையாகப் பேசியிருக்கிறார். மேல்நாட்டிலும் இது சுலபமாக நடந்துவிடவில்லை. பாரிஸில் பெண்கள் பேன்ட் அணியக் காவல்துறை அனுமதி வேண்டும் என்ற ஆணை 1800-இல் வந்தது. அது செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறையாக அறிவித்தது 2013-இல்தான். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1926-இல் குடும்பப் படத்தில் ஆண்களின் மூன்று துண்டு சூட் அணிந்து நிற்கிறார். படம் எடுத்தவர் அவருடைய அப்பா. 1930-களில் ஹாலிவுட் நடிகை மார்லீன் டீட்ரிக் ஆண்கள் உடையில் வலம்வந்தார். 1966-இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் செயின்ட் லாரன்ட், ஆண்களின் விருந்து உடையான டக்சிடோவைப் பெண்ணுக்காக வெட்டித் தைத்தார். செயின்ட் லாரன்ட் செய்தது பெண்ணின் அளவுக்கு மாற்றி வெட்டிய உடை. நாம் பேசுவது மாற்றாமல் அணியும் உடை. ஆகவே ஃப்ரீடாவின் படம்தான் நமக்கு நெருக்கம்.

வெள்ளைச் சட்டை காணொளியில் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது.

போனின் கேமரா உங்கள் முகத்தையும் அறையையும் கணக்கில் எடுத்து வெளிச்சத்தைக் கூட்டுவதால் சட்டையின் மடிப்புகள் கரைந்துவிடுகின்றன. திரையில் சட்டையின்மேல் தொட்டு, வெளிச்சத்தைக் குறைக்கும் பக்கம் நகர்த்துங்கள். மடிப்பு தெரிந்தால்தான் துணியின் அளவு தெரியும். நேர் எதிரே இருக்கும் விளக்கைவிடப் பக்கவாட்டுச் சன்னல் வெளிச்சம் மேல். பின்சுவர் வெள்ளையாக இருந்தால் இடம் மாற்றுங்கள்.

நெருக்கமான கோடு, பொடிக்கட்டம் போட்ட சட்டைகள் திரையில் அலையடிக்கும். கேமராவுக்குக் கொஞ்சம் அருகிலோ தூரத்திலோ நகர்ந்து பாருங்கள். அடங்காவிட்டால் அன்று அந்தச் சட்டை வேண்டாம். கேமராவை இடுப்பு உயரத்தில் வையுங்கள். மேலிருந்து எடுத்தால் பெரிய சட்டைக்குக் கீழே கால்கள் இருக்கும் இடமே தெரியாது. அகலக் கோண லென்ஸ் ஓரங்களை இழுத்து விகாரப்படுத்தும். அதைத் தவிர்த்து, சாதாரண லென்ஸில் பின்னால் தள்ளி நின்று எடுங்கள்.

நின்று காட்டுவதைவிட நடந்து காட்டுங்கள். பெரிய உடை அசையும்போதுதான் உயிர்பெறுகிறது. திரும்பும்போது துணி உடலைவிட அரை நொடி தாமதமாகத் திரும்பும். அந்தத் தாமதத்தைக் காணொளியில் வெட்டிவிடாதீர்கள்.

"ஆம்பிளை மாதிரி இருக்கிறாய்" என்று பின்னூட்டம் வருகிறது.

நீக்கிவிடுங்கள், தேவைப்பட்டால் அவரைத் தடைசெய்யுங்கள். விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

அப்பா காவல்துறையில் இருக்கிறார். அவர் காக்கிச் சட்டையைப் போடலாமா?

வேண்டாம். அரசு ஊழியர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு சீருடை அணிவது குற்றம். நோக்கம் அதுவல்ல என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்கும் நிலைக்கு உங்களையும் அப்பாவையும் ஆளாக்காதீர்கள். நிறுவனப் பெயர் பொறித்த சட்டை, அடையாள அட்டை ஆகியவற்றிலும் கவனம் தேவை. அப்பா எங்கே வேலை செய்கிறார் என்பதை ஊருக்கே சொன்னதாகிவிடும்.

ஒரு கடை எனக்கு இலவசமாகச் சட்டை அனுப்பியது. அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். பணம் வாங்கினாலும் பொருள் வாங்கினாலும் விளம்பரம் விளம்பரம்தான். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, காணொளியின் மொழியிலேயே, கண்ணுக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. காணொளி என்றால் வாயாலும் சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய்வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம்வரையும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இன்னொன்று: கடை அனுப்பிய சட்டையை "அப்பாவின் சட்டை" என்று காட்டாதீர்கள். உங்களை நம்பிப் பார்க்கும் பெண்களுக்குச் செய்யும் துரோகம் அது.

காலரில் முகப்பூச்சு ஒட்டிக்கொண்டது. அப்பா பார்ப்பதற்குள் என்ன செய்வது?

முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு, தண்ணீர் படுவதற்கு முன்பே, கறையின்மேல் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் மெதுவாகத் தேயுங்கள். முகப்பூச்சிலும் உதட்டுச் சாயத்திலும் எண்ணெய் இருப்பதால் வெறும் தண்ணீருக்கு அசையாது. பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். மஞ்சள் கறை என்றால் சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் காயப்போட்டால் வெளிறிவிடும். அடுத்த முறை சட்டையை மாட்டிய பிறகு முகப்பூச்சுப் போடாமல், போட்டு முடித்து அது காய்ந்தபின் மாட்டுங்கள். காலருக்கு உட்புறம் ஒரு கைக்குட்டையையும் மடித்து வையுங்கள். கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரி போடவே கூடாது. சூடு பட்டால் கறை நூலில் இறுகிவிடும்.